மூன்றாவது செட் ஸ்பிரிங்

என் அக்கா வீட்டுக்காரர் பல் டாக்டர். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்ப்பவருக்குச் சாயங்காலம் எட்டிப் பார்க்க வேறு ஏதாவது வேண்டியிருக்கும் போல. அதற்காக ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினார். இரண்டே இருக்கை, நீளமான மூக்கு, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் உடம்பு. தயாராகி ஐம்பத்தைந்து வருஷம் ஆகிறது என்றார்கள். மாமாவைவிட இரண்டு வயது மூத்தது. இரண்டு பேருக்கும் உட்கார்ந்து எழுந்தால் மூட்டில் சத்தம் வரும்.

வாங்கும்போதே அதன் இன்ஜின் செத்துப்போயிருந்தது. மாமா அசரவில்லை. எங்கேயோ மோதி நசுங்கிய ஒரு புதுக் காரின் இன்ஜினைக் கழற்றிக்கொண்டு வந்தார். அதை இதற்குள் உட்கார வைக்க மூன்று வருஷம் ஆனது. அந்த மூன்று வருஷமும் அவர் வீட்டை ஒட்டிய ஷெட்டில்தான் குடியிருந்தார். முதலில் சாப்பிட வரச்சொல்லிக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த அக்கா, பிறகு போன் பண்ண ஆரம்பித்தாள். சமையலறைக்கும் ஷெட்டுக்கும் நடுவில் பதினாறு அடி இருக்கும்.

அதற்கு நடுவில் அக்காவுக்கு முதுகில் ஆபரேஷன் நடந்தது. மாமா ஒரு வாரம் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கையில் கார்பரேட்டர் படம் போட்ட ஒரு புத்தகம் இருந்தது என்பது வேறு விஷயம்.

இருபத்தைந்தாவது கல்யாண நாளன்று இந்தக் காரில் இரண்டு பேரும் கடற்கரை வரை போகலாம் என்று மாமா ஆசையாகக் கேட்டார். இரண்டு மணி நேரப் பயணம். அக்கா கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"ஒரே ஒரு தடவ ஏறுறேன். முதுகு வலிச்சுதுன்னா நீங்க வண்டிய வித்துடணும்."

மாமா உடனே ஒத்துக்கொண்டார். நோயாளியிடம் வலிக்காது என்று சொல்லிச் சொல்லி அவருக்கே அது நம்பிக்கையாகிவிட்டது.

ஆனால் கார் நின்ற லட்சணம் வேறு மாதிரி இருந்தது. இன்ஜினை மாற்றியதும் அதன் மூக்கு நாலு விரல்கடை மேலே தூக்கிக்கொண்டது. புது இன்ஜினின் பவர் அப்படி என்று மாமா பெருமைப்பட்டார். உண்மை என்னவென்றால், பழைய இன்ஜின் முழு இரும்பு, புதியது அலுமினியம். முன்பக்கத்தில் தொண்ணூறு கிலோ குறைந்துவிட்டது. பாரம் குறைந்ததால் ஸ்பிரிங் எழுந்து நின்றது, அவ்வளவுதான். இதைச் சொல்ல அங்கே ஆளில்லை. இருந்த ஒரே ஆள் மெக்கானிக். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பாத்துக்கலாம். எதைக் கேட்டாலும் அந்த ஒரு வார்த்தையோடு முடித்துக்கொள்வார். பிரேக் பிடிக்குமா என்று கேட்டதற்கும் அதையே சொன்ன மனிதர்.

பாத்துக்கலாம் ஒரு கணக்குப் போட்டார். புது இன்ஜினுக்கு இரண்டு மடங்கு பவர், அதனால் ஸ்பிரிங்கும் இரண்டு மடங்கு கடினமாக இருக்க வேண்டும். ஸ்பிரிங் விஷயத்தில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அதை ஒரு மில்லிமீட்டர் அமுக்க எத்தனை கிலோ வேண்டும் என்பது. முன்பக்கத்தில் பழைய ஸ்பிரிங்குக்கு ஐந்து கிலோ. இவர்கள் வரவழைத்தது பதினொரு கிலோ. அதை மாட்டிக்கொண்டு மாமா தெருமுனை வரை போய்த் திரும்பினார். மூக்குக்கண்ணாடி மடியில் கிடந்தது. கடைவாய்ப் பல்லின் அடைப்பு ஒன்று கழன்று கையில் வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் பல் அடைக்கும் மனிதர், மறுநாள் இன்னொரு பல் டாக்டரிடம் போய் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார்.

இரண்டாவது செட்டை இணையத்தில் ஒரு குழு தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. அந்தக் குழுவில் எல்லோரும் நிபுணர்கள், கார் உள்ளவர் மாமா ஒருவர்தான். பட்டு மாதிரி போகும் என்று சொல்லி மூன்று கிலோ ஸ்பிரிங்கைச் சிபாரிசு செய்தார்கள். பட்டு மாதிரிதான் போனது. பிரேக்கில் கால் வைத்தால் மூக்கு தரையைத் தொட்டுக் கும்பிட்டது. திருப்பத்தில் எதிர்வீட்டுக்காரரின் பூந்தொட்டி மீது சாய்ந்து குசலம் விசாரித்தது.

கல்யாண நாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் மாமா என்னிடம் வந்தார். இத்தனை நாளில் மாமா, மெக்கானிக் என்ற இரண்டு மேதைகளில் ஒருவருக்கும் வண்டியை எடை போட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. என் பிழைப்பே எடை. கிடங்குகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் இருக்கும் எடை மெஷின்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்த்து முத்திரை குத்துவது என் வேலை. பத்து கிராம் பிசகினாலும் எனக்குச் சோறு இறங்காது. இந்தக் குடும்பத்தில் கொஞ்சமாவது மூளை உள்ள ஆள் நான்தான் என்பது அப்போது என் உறுதியான கருத்து.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு தட்டு எடைமேடையைக் கொண்டுபோய்ச் சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தேன். ஓட்டும்போது எப்படி இருக்குமோ அப்படியே எடை போட வேண்டும் என்று வகுப்பெடுத்தேன். மாமாவை ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்தேன். பெட்ரோல் அரை டேங்க். பின்னால் ஸ்டெப்னி. டூல் பாக்ஸ் இல்லாமல் மாமா அடுத்த தெருவுக்குக்கூடப் போவதில்லை, அதனால் அது வழக்கம்போலப் பக்கத்து இருக்கையில் பெல்ட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதினேன்.

அக்கா டீ கொண்டுவந்தாள். வைக்க இடமில்லாமல் இரண்டு டம்ளரையும் காருக்குள் டூல் பாக்ஸ் மேல் வைத்தாள்.

"டம்ளர எடுக்கா, எடை தப்பாயிடும்," என்றேன்.

எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் நின்று நான் எழுதுவதைப் பார்த்தாள். எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டோமா என்று கேட்டாள். ஒன்று விடாமல் என்று சொன்னேன். சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கணக்கு அழகாக வந்தது. குறைந்த பாரத்துக்கு ஏற்றபடி முன்னால் நாலு கிலோ, பின்னால் இரண்டரை. வண்டி பின்னால் தூக்கிக்கொண்டு நின்றால் பார்க்க நன்றாக இருக்காது என்று மாமா சொன்னதால், சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் சரியாக இரண்டு விரல் இடைவெளி இருக்கும்படி உயரத்தையும் வைத்தோம். அந்தத் தாளை ஷெட் சுவரில் ஒட்டினேன். கீழே கையெழுத்தும் போட்டேன். முத்திரை கையில் இருந்திருந்தால் அதையும் குத்தியிருப்பேன்.

பன்னிரண்டு நாளில் ஸ்பிரிங் வந்தது. பாத்துக்கலாம் மாட்டினார், மாமா ஓட்டிப்போனார், முக்கால் மணி நேரம் கழித்துக் கண் கலங்கித் திரும்பி வந்தார். குழியில் இறங்குவது தெரிகிறதாம், வலிக்கவில்லையாம். திருப்பத்தில் சாயவில்லையாம். என் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த ஊரிலேயே ஸ்பிரிங் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த ஒரு வாரம் என்னோடு பேசியவர்களிடம் நான் வேறு எதைப் பற்றியும் பேசவில்லை.

கல்யாண நாள் காலையில் மாமா காரைத் துடைத்துத் துடைத்து வாசலில் நிறுத்தினார். வழியனுப்பப் பாத்துக்கலாமும் வந்திருந்தார். அக்கா நீல நிறத்தில் புது உடை, புதுச் செருப்பு, கையில் பை. இடுப்பில் டாக்டர் கொடுத்த பட்டை. முகத்தைப் பார்த்தால் பந்தயம் கட்டியவள் மாதிரி இல்லை. சீக்கிரம் கிளம்பினால் வெயிலுக்கு முன்னால் போய்விடலாம் என்று அவள்தான் அவசரப்படுத்திக்கொண்டிருந்தாள். இவள் தோற்கவே வந்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது.

மாமா டூல் பாக்ஸை எடுத்துப் பின்னால் டிக்கியில் வைத்தார். அக்கா மெதுவாக உள்ளே இறங்கி உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவள் உட்கார்ந்த பக்கம் வண்டி இறங்கியது. இரண்டு விரல் இடைவெளி ஒரு விரலாகி, அதற்கும் கீழே போனது. அதை என் கண்ணால் பார்த்தேன். வாயைத் திறந்து நில்லுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். எடைக்காரி நான் எனக்குள் சொல்லிக்கொண்டது என்ன தெரியுமா? பாத்துக்கலாம்.

தெருமுனையில் ஒரு வேகத்தடை. அவ்வளவு தூரம் மட்டும்தான் போனார்கள். படார் என்று ஒரு சத்தம், அதன் பிறகு மட்கார்டில் டயர் தேய்கிற நீளமான இழுவை. ரப்பர் கருகிய வாடை வாசல் வரை வந்தது. மாமா அப்படியே பின்னால் ஓட்டிக்கொண்டு வந்து ஷெட்டுக்குள் நிறுத்தினார். நான் கதவைத் திறந்து கை கொடுத்தேன். அக்கா கையைப் பிடிக்காமல் தானாகவே எழுந்து வந்தாள். முகத்தில் ரத்தமில்லாமல் மாமா இறங்கி நின்றார். முதுகு வலிக்கிறதா என்று கேட்டார். இரண்டு முறை கேட்டார்.

அக்கா சுவரில் ஒட்டியிருந்த தாள் முன்னால் போய் நின்றாள். ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்தாள். டிரைவர் எண்பத்து நாலு. பெட்ரோல் இருபது. ஸ்டெப்னி பதினாலு. டூல் பாக்ஸ் பதினெட்டரை. அதற்குக் கீழே என் கையெழுத்து. அதையும் படித்தாள்.

"இதுல நான் எங்க?"

வாழ்க்கையில் முதல்முறையாக மெக்கானிக்குக்குக்கூடச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்பேனரைப் பழைய துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"முதுகு வலிக்கல," என்றாள் அக்கா மாமாவிடம். "நீங்கதான் ஜெயிச்சீங்க. வண்டிய விக்க வேணாம். நான் வரல, அவ்ளோதான்."

உள்ளே போய்விட்டாள்.

டம்ளரை எடுக்கச் சொன்னது என் நினைவுக்கு வந்தது. இரண்டு டம்ளர் டீ எடையைக் கெடுத்துவிடும் என்று பதறியவள் நான். அந்த டீயைக் கொண்டுவந்து வைத்தவளைக் கணக்கில் சேர்க்கவில்லை. மாமாவையும் மெக்கானிக்கையும் இத்தனை நாள் கிண்டல் செய்தேனே, அவர்களாவது ஒன்றையும் எடை போடாமல் தப்பு செய்தார்கள். நான் ஒவ்வொன்றாக எடை போட்டுத் தப்பு செய்தேன்.

மாமா டிக்கியைத் திறந்து டூல் பாக்ஸை வெளியே எடுத்து, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு மெல்லக் கேட்டார்.

"உங்க அக்கா எவ்ளோ எடை இருப்பா?"

எனக்குத் தெரியவில்லை. ஸ்டெப்னியின் எடை எங்கள் இருவருக்கும் மனப்பாடம். ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான், இருபத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவர் அவர். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். பார்த்தார். மறுபடி பையிலேயே போட்டுவிட்டு எழுந்து, சமையலறைப் பக்கம் நடந்து போனார்.

உள்ளே என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது. முதலில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அது நின்றது. அக்கா குரல் கொஞ்சம் உயர்ந்தது, மாமா குரல் கேட்கவே இல்லை. ஒட்டுக்கேட்டேன் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளுங்கள், ஆனாலும் ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. சும்மா நிற்க முடியாமல், ஷெட் மூலையில் கிடந்த எடைத்தட்டுகளை எடுத்து, மெக்கானிக் ஜாக்கி போட்டுத் தூக்கிக் கொடுக்க, சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தேன். அவள் வருவாள் என்று எனக்கு நிச்சயம் கிடையாது.

அரை மணி நேரம் கழித்து வந்தாள். அதே நீல உடை, அதே பை. கண் சிவந்திருந்தது. பின்னால் மாமா வந்தார், அவருக்கும் சிவந்திருந்தது. அக்கா யாரிடமும் பேசாமல் காருக்குள் இறங்கிப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். மாமா தன் இடத்தில் உட்கார்ந்தார். எண்கள் ஓடி நின்றன. பேனாவை எடுத்தேன். மடியில் இருந்த பை என் கண்ணில் பட்டது. பழக்க தோஷம், கீழே வைக்கச் சொல்ல வாயைத் திறந்தேன்.

அக்கா பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பையோட எழுது. அதுவும் வரும்."

எழுதினேன். அக்கா, பையோடு, அறுபத்தெட்டரை. எழுத்து கோணலாக வந்தது, அழித்து எழுத மனமில்லை. மாமா ஜன்னல் வழியாக எட்டித் தாளைப் பார்த்தார். டூல் பாக்ஸ் என்று இருந்த வரியை அடித்துவிடச் சொன்னார். அது வரவில்லையாம், ஷெட்டிலேயே இருக்கட்டுமாம். இந்தப் புது எடைக்கு நாலாவது செட் ஸ்பிரிங் வந்ததும் கடற்கரைக்குக் கிளம்புவார்களாம்.

மெக்கானிக்குக்குத் தாங்கவில்லை. இன்ஜின் மாற்றிய வண்டி, நாலாவது செட் ஸ்பிரிங், கையில் ஒரு ஸ்பேனர்கூட இல்லாமல் இரண்டு மணி நேரம் போகப்போகிறீர்களே, வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். மாமா டூல் பாக்ஸை ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

"பாத்துக்கலாம்," என்றாள் அக்கா, பெல்ட்டை மாட்டிக்கொண்டே.