வெல்டா போட்ட சத்தம்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. இந்தக் கதையில் ஒருத்தி வாயைத் திறப்பதற்கு இரண்டு நாள் ஆகும். அதுவரை பொறுமையாகக் கேளுங்கள். திறந்த பிறகு உங்கள் காதுக்கு நான் பொறுப்பில்லை.

ஓக்லஹோமாவில் கோதுமை வயல்களுக்கு நடுவே, அப்பா கட்டிய வீட்டில் தனியாக இருந்தாள் வெல்டா. வயது ஐம்பத்தெட்டு. பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்குப் பரிமாறும் வேலை. அடுத்த வீட்டுக்குப் போக வண்டியில் ஏழு நிமிஷம் ஆகும். போன மார்ச்சில் அவள் குளித்துக்கொண்டிருக்கும்போது, பட்டப்பகலில் எவனோ பின்கதவை உடைத்து உள்ளே வந்தான். டிவியைத் தூக்கிக்கொண்டு சாவகாசமாகப் போனான். வெல்டா ஈரத்துண்டோடு கதவுக்குப் பின்னால் நின்றாள். தொண்டையிலிருந்து ஒரு சின்னச் சத்தம்கூட வரவில்லை.

அண்ணன் டெல்பர்ட்டுக்கு அது போதுமானதாக இருந்தது. வீடு இருவர் பெயரிலும் இருந்தது.

"வித்துட்டு எங்க வீட்டுப் பின்னறைக்கு வந்துடு."

"வரல அண்ணே."

"அப்ப துப்பாக்கி பிடிக்கக் கத்துக்க. ரெண்டு நாள் பயிற்சி நடக்குது. பாஸ் பண்ணிட்டா வீட்டுப் பேச்சையே எடுக்க மாட்டேன். இல்லைன்னா நீ கையெழுத்துப் போடற."

அவள் தோற்பதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டுமென்று தானும் சேர்ந்துகொண்டான்.

சனிக்கிழமை காலை, செம்மண் மேட்டுக்கு முன்னால் ஒன்பது பேர் வரிசையாக நின்றார்கள். எதிரே அட்டையில் ஒட்டிய முகமில்லாக் காகித மனிதர்கள். சொல்லிக்கொடுத்தவர் ஹாஸ்கல், ஓய்வுபெற்ற போலீஸ்காரர்.

"குழல் எப்பவும் மண்மேட்டப் பாத்தே இருக்கணும். சுடப்போற வரைக்கும் விரல் விசையில படக்கூடாது. யாராவது தப்பு பண்றதப் பாத்தா, பாத்தவங்க 'நிறுத்து'ன்னு கத்தணும். நேத்து சேந்தவங்களா இருந்தாலும் சரி. கத்தினா எல்லாரும் நிறுத்தணும், நானும்தான்."

முதல் பாடம் சுடுவதே இல்லை, சத்தம் போடுவது. வருகிறவன் சத்தத்திலேயே திரும்பிப் போய்விட்டால் ஒரு தோட்டாவும் செலவாகாதே!

"கிட்ட வராத. பின்னால போ" என்றாள் வெல்டா காகித மனிதனிடம்.

ஹாஸ்கல் தலையைச் சொறிந்தார். "மேடம், அவன விரட்டச் சொன்னேன். சோள ரொட்டி இன்னொண்ணு வேணுமான்னு கேக்கச் சொல்லல."

எல்லோரும் சிரித்தார்கள். டெல்பர்ட் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தான். "பூனையக்கூட விரட்டத் தெரியாது சார் இவளுக்கு."

சாயங்காலம், அண்ணன் சுட்டதும் அவன் துப்பாக்கியிலிருந்து தெறித்த வெற்றுத் தோட்டாக்கூடு ஒன்று வெல்டாவின் சட்டைக் கழுத்துக்குள் விழுந்தது. நெருப்பில் வாட்டிய ஆணி மாதிரி சூடு. அனுபவப்பட்டவர்களே துப்பாக்கியை வீசி ஆடிவிடும் இடம் அது. வெல்டாவோ குழலை மேட்டைப் பார்த்தபடியே பிடித்திருந்தாள். விசையிலிருந்து விரலை எடுத்தாள், துப்பாக்கியை மேசையில் வைத்தாள், பிறகுதான் கையை உள்ளே விட்டாள். மார்பில் கட்டைவிரல் அகலத்துக்குக் கொப்புளம்.

"அழுதுட்டியா?" என்றான் அண்ணன்.

"இல்ல."

ஞாயிற்றுக்கிழமை அவள் குறிகள் மோசமில்லை. டெல்பர்ட்டின் முகம் கடுகடுத்துக்கொண்டே வந்தது. மதியத்துக்குச் சற்று முன்னால் அவன் துப்பாக்கியில் தோட்டா சிக்கிக்கொண்டது. ஹாஸ்கல் வரிசையின் இடதுகோடியில் ஒருவருக்குக் கை நிலையைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"சார், இந்த மட்டமான தோட்டாவக் கொஞ்சம் பாருங்க!" என்று டெல்பர்ட் அந்தப் பக்கம் திரும்பினான். துப்பாக்கியும் அவனோடு திரும்பியது, விரல் விசையில் இருக்க. அவனுக்கு இடப்பக்கம் நின்றவள் முடிதிருத்தும் மார்வா, ஆறு மாதக் கர்ப்பிணி. குழல் அவள் வயிற்றைக் கடந்துபோனது. அவள் தன் குறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்து!"

காதடைப்பான்களைத் தாண்டி, மண்மேட்டையும் தாண்டிப் போனது அந்தக் குரல். அந்தப் பக்கம் மேய்ந்த மாடுகள் தலை தூக்கின. ஒன்பது துப்பாக்கிகளும் மேசைக்குப் போயின.

"கத்தினது யாரு?" என்றார் ஹாஸ்கல்.

"நான்தான் சார். அண்ணன் துப்பாக்கியோட திரும்பினாரு. குழல் மார்வா வயித்துக்கு நேரா போச்சு. விரல் விசையில இருந்துச்சு."

"பொய்!" என்றான் டெல்பர்ட். "மார்வா, நீ பாத்தியா?"

"நான் எதையும் கவனிக்கலீங்களே" என்றாள் மார்வா, வயிற்றின்மேல் கையை வைத்தபடி.

டெல்பர்ட் தங்கையின் பக்கம் குனிந்தான். "தப்பாப் பாத்துட்டேன்னு சொல்லிடு வெல்டா. இல்லைன்னா நம்ம பேச்சு இத்தோட முறிஞ்சுது. நீ பாஸ் பண்ணினாலும் வீட்ட வித்துருவேன்."

வெல்டா அவனை விட்டு ஹாஸ்கல் பக்கம் திரும்பினாள். குரல் நடுங்கவில்லை.

"தப்பாப் பாக்கல. நூறு தடவ கேட்டாலும் இதத்தான் சொல்லுவேன்."

ஹாஸ்கல் அவளை ஒரு கணம் பார்த்தார். "நேத்து சட்டைக்குள்ள நெருப்பு விழுந்தப்பவும் குழல அசைக்காதவங்க இவங்க. டெல்பர்ட், சாமானக் கட்டுங்க. உங்களுக்கு இன்னிக்கி முடிஞ்சுது."

அவன் போய்த் தன் வண்டியில் உட்கார்ந்து ஹாரனை அடித்தான்.

"வரியா, நான் கிளம்பட்டுமா?"

"இன்னும் ஒரு பரிட்சை பாக்கி அண்ணே. இருக்கறதுன்னா இரு. போறதுன்னா போ. நான் யாரையாவது கேட்டு வீடு போய்ச் சேருவேன்."

கடைசிப் பரிட்சையில் "கிட்ட வராத! பின்னால போ!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஹாஸ்கலே ஓர் அடி பின்வாங்கினார். "யம்மா! ரொட்டியே வேணாம் மேடம்" என்றார். சுட்டதில் நாலு குறி தப்பியது. ஆனாலும் பாஸ்தான்.

அண்ணன் போயிருக்கவில்லை. சான்றிதழோடு ஏறி உட்கார்ந்தவளை வீட்டுவாசல்வரை கொண்டுவந்தான். வண்டி நின்றதும், "நாளைக்கே விக்க ஏற்பாடு பண்றேன்" என்றான்.

"பண்ணு. என் கையெழுத்தும் வேணுமில்ல? போடமாட்டேன். சத்தம் போடத் தெரியாமத்தான் இத்தன வருஷம் சும்மா இருந்தேன்னு நெனச்சிருந்தேன் அண்ணே. உனக்குத்தான் பயந்திருக்கேன்."

இறங்கிக் கதவைச் சாத்தினாள். பிறகு ஜன்னல் வழியாகக் குனிந்தாள்.

"இனிமே வந்தா வாசல்லயே நின்னு கூப்பிடு. நான் 'வா'ன்னா வா."

கண்ணுகளா, உங்கள் பின்கதவுகள் பலமாக இருக்கட்டும். உங்கள் வீட்டில் பிறக்கிற எல்லாக் குழந்தைகளும் முழுசாக, நிறைந்த ஆயுளோடு இருக்கட்டும். வேண்டாததைப் பார்த்தால் 'நிறுத்து' என்று சொல்ல உங்கள் வீட்டில் ஒரு குரல் எப்போதும் இருக்கட்டும்.