பூப்பூசா அம்மா

எல்விரா காரை நிறுத்தி இருபது நிமிடம் ஆகிவிட்டது. இறங்கவில்லை. மூன்று வாரத்துக்குப் பிறகு ஃபன்ஸ்டனுக்கு வந்திருக்கிறாள், அதுவும் நாய் இல்லாமல். இங்கே நாய் இல்லாமல் வருகிறவர்கள் இரண்டே வகை: துணிச் சிறகைக் கட்டிக்கொண்டு மலைமுகட்டிலிருந்து குதிக்கிறவர்கள், வழி தவறியவர்கள். ஐம்பத்தொன்பது வயதில் சிறகு கட்டும் உத்தேசம் அவளுக்கு இல்லை.

வாசல் பலகையில் 'தேசியப் பொழுதுபோக்குப் பகுதி' என்று வாய் கொள்ளாத பெயர் போட்டிருப்பார்கள். சான் ஃபிரான்சிஸ்கோக்காரர்களுக்கு அது ஃபன்ஸ்டன், அவ்வளவுதான். கீழே கடல், மேலே மணல்மேடு, எங்கு பார்த்தாலும் கயிறு அவிழ்த்துவிட்ட நாய்கள். ஆகஸ்ட் மாதம் என்பதால் அந்த ஊர் வழக்கப்படி மூடுபனியும் குளிரும்.

ஆறு வருடம் தவறாமல் காலை எட்டு மணிக்கு எல்விராவும் பூப்பூசாவும் இங்கே ஆஜர். வட்டமான குட்டை நாய். வெள்ளை உடம்பில் கருகின மாதிரி பழுப்புத் திட்டுகள். சூடான கல்லிலிருந்து அப்போதுதான் எடுத்த பூப்பூசா ரொட்டி போலவே இருந்ததால் அந்தப் பெயர். எல் சல்வதோர் நாட்டுக்காரி வீட்டில் வேறென்ன பெயர் வைப்பார்கள்? பதினாலு வயதில், அடுப்படியில் தூங்கியபடியே போய்விட்டாள். நல்ல சாவுதான். ஆனாலும் எல்விரா அழுத அழுகையில் மாடிவீட்டுக்காரர் இறங்கிவந்து கதவைத் தட்டினார்.

அழுகை போகட்டும், அது தீர்ந்துவிடும். அவளை அரித்தது வேறு. இங்கே பதினோரு நாய்களின் பெயர் அவளுக்குத் தெரியும். எதற்குக் கோழி ஆகாது, எதற்கு இடிச்சத்தம் பயம் என்பதுவரை தெரியும். மனிதர்களில் ஒருவர் பெயரும் தெரியாது. அவர்களுக்கும் அவள் பெயர் தெரியாது. அவள் 'பூப்பூசா அம்மா'. முதல் மாதமே கேட்டிருந்தால் கேட்டிருக்கலாம். ஆறு வருடம் சிரித்துப் பேசிவிட்டு 'உங்க பேர் என்ன' என்று கேட்க யாருக்கு முகம் வரும்? பூப்பூசாவே இல்லாதபோது பூப்பூசா அம்மா மட்டும் எதற்கு? அந்தப் பயம்தான் அவளைக் காரிலேயே உட்காரவைத்திருந்தது.

கடைசியில் தன்னையே திட்டிக்கொண்டு இறங்கினாள். இருபத்தாறு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவள், குடிகாரனையும் கத்திக்காரனையும் இறக்கிவிட்டவள், நாய்க்காரர்களுக்கா பயப்படுவது? என்றாலும் அறிவிப்புப் பலகையும் தண்ணீர்க் குழாயும் இருக்கும் பக்கம் போகவில்லை. அந்தக் குழாயடியில்தான் பூப்பூசா பாதித் தண்ணீரைக் குடித்து மீதியை எல்விராவின் சிவப்பு ரப்பர் பூட்ஸ் மேல் உதறுவாள். சுற்றுவழியாக மணலில் நடந்தாள்.

பத்தடி போவதற்குள் ஒரு வெள்ளை நாய்க்குட்டி ஓடிவந்து எம்பி அவள் கோட்டுப் பையில் மூக்கை நுழைத்தது. உலர்ந்த ஈரல் துண்டுகள் இன்னும் அங்கேதான் இருந்தன. பின்னாலேயே மூச்சிரைக்க ஒரு இளம்பெண்.

"டோஃபு! விடுடா! சாரிங்க, மானத்த வாங்குறான்."

"பரவால்லம்மா. எம்மேலதான் தப்பு, பையில ஈரல வச்சிருக்கேன்."

"ஓ, அப்ப நீங்களும் நம்ம கட்சியா? உங்களோடது எது?"

பதில் தொண்டைவரை வந்தது. வாயில் வேறொன்று வந்தது. "முன்னாடி ஓடிட்டா."

சொன்ன மறுகணமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்தப் பெண்ணோ பனிக்குள் கண்ணை இடுக்கி எட்டிப்பார்த்தாள். "இவ்வளவு பனியில தனியா விட்டுட்டீங்களே!" பிறகு தலையைக் குனிந்தவள் எல்விராவின் காலையே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஏங்க, தப்பா நெனைக்காதீங்க. அங்க போர்டுல ஒரு ஃபோட்டோ ஒட்டியிருக்கு. ஒரு நாயும் இதே பூட்ஸும். நீங்கதானே அது?"

எல்விரா பலகைப் பக்கம் திரும்பினாள். புகார்தான், சந்தேகமே இல்லை. போன மாதம் யாருடைய சாண்ட்விச்சையோ பூப்பூசா கவ்விக்கொண்டு போனது நினைவுக்கு வந்தது. செத்தவள் மேல்கூட புகார் எழுதுவார்களா? எழுதுவார்கள். இந்த ஊரில் மூடுபனி மேலேயே புகார் எழுதுகிறவர்கள் உண்டு. வந்த கோபத்தில் விறுவிறுவென்று பலகையை நோக்கி நடந்தாள். டோஃபுவும் அந்தப் பெண்ணும் பின்னாலேயே ஓடிவந்தார்கள்.

புகைப்படத்தில் பூப்பூசா நாக்கைத் தொங்கவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் முழங்கால்வரை இரண்டு சிவப்பு பூட்ஸ். அதற்கு மேலே எல்விரா இல்லை. நாய்க்காரர்கள் எடுக்கும் படங்கள் எல்லாமே அப்படித்தான். கீழே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது:

'காணவில்லை. பூப்பூசா அம்மா. (படத்தில் நாய்க்குப் பக்கத்தில் இருப்பவர்.) மூன்று வாரமாக வரவில்லை. பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். காலை எட்டு மணிக்குக் குழாயடியில் இருப்பேன். பிஷப் அப்பா.'

அவள் மறுபடி படித்தாள். நாயைக் காணவில்லை என்றல்லவா எழுதுவார்கள்? இது அவளைக் காணவில்லை என்று எழுதியிருந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

"நான் பொய் சொல்லிட்டேம்மா," என்றாள் அந்தப் பெண்ணிடம். "எம் பூப்பூசா முன்னாடி ஓடல. போய்ட்டா."

அந்தப் பெண் டோஃபுவைத் தூக்கி அவள் கையில் கொடுத்தாள். அந்த நேரத்துக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.

"அடடே! அடடடே! வந்துட்டாங்கப்பா!"

பிஷப் அப்பாவின் குரல்தான். பச்சைத் தொப்பி, வலது காலில் நொண்டல். அவருக்கு முன்னால் கன்றுக்குட்டி உயரத்துக்கு அவருடைய நாய் பிஷப். அது நேராக வந்து எல்விராவின் நெஞ்சில் தலையை முட்டியது. டோஃபு பயந்து கோட்டுக்குள் ஒளிந்தது.

"எங்கிட்ட உங்க பேரும் இல்ல, நம்பரும் இல்ல," என்றார் அவர். "போலீசுக்குப் போனா என்ன சொல்றது? செவப்பு பூட்ஸக் காணோம்னா?"

"பூப்பூசா..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும்." அவர் தொப்பியைக் கழற்றினார். "முத வாரம் சளின்னு நெனச்சேன். ரெண்டாவது வாரம் புரிஞ்சு போச்சு. அதுக்கப்பறந்தான் எழுதி ஒட்டுனேன். அவ போனா நீங்களும் போயிரணுமா? என்ன நியாயம் இது? நாங்க என்ன அவளோட மட்டுமா பேசிட்டிருந்தோம்?"

அப்படித்தான் நினைத்திருந்தாள். அதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது.

"சரி, அழுதது போதும். எனக்கும் காரியம் ஆகணும்," என்றார் அவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "வியாழக்கிழம முட்டி ஆபரேஷன். ஒன்றரை மாசம் நடக்கக் கூடாதாம். இந்தத் தடியன் உங்க பேச்சத் தவிர யார் பேச்சும் கேக்க மாட்டான்."

"உங்க பேச்சு?"

"அதத்தான சொல்றேன். யார் பேச்சும்."

எல்விரா சிரித்துவிட்டாள். மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு. "காலைல ஏழரைக்கு வந்து கூட்டிட்டுப் போறேன். விலாசத்தச் சொல்லுங்க."

"மொதல்ல நம்பரச் சொல்லுங்க." அவர் கைபேசியைத் திறந்து நீட்டினார். அதில் ஏற்கெனவே 'பூப்பூசா அம்மா' என்று இருந்தது. எண் இருக்க வேண்டிய இடம் காலி.

"நாலு வருஷமா இப்டியே கெடக்கு," என்றார். "கேக்க வெக்கமா இருந்துச்சு. என் பேரு மெல்வின். மெல்வின் ஃபாங்."

"எல்விரா."

"எல்விரா," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "நல்ல பேரு. இருங்க, இத அழிச்சிட்டுப் போட்டுடறேன்."

அவள் அவர் கையைப் பிடித்தாள்.

"அழிக்காதீங்க. நம்பர மட்டும் போடுங்க. அந்தப் பேர்ல கூப்ட்டாத்தான் எடுப்பேன்."