ஜெஸ்லினின் சாட்சி

கல்லூரி வேதியியல் ஆய்வகத்தின் சுவரில் ஒட்டியிருந்த பாதுகாப்பு விதிகளை எழுதியவள் ஜெபிஷாதான். நாசரேத்துக்காரி, வாத்தியார் மகள். ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தை எப்படிக் கையாள வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதியவள், புதிதாக வரும் பிள்ளைகளுக்கும் புரியட்டும் என்று தமிழிலும் எழுதியிருந்தாள். கடல் மண்ணைக் கரைத்து அதிலுள்ள உலோகங்களை அளக்க அந்த அமிலம் வேண்டும். மற்ற அமிலம் பட்டால் உடனே சுடும். இது சத்தமில்லாமல் உள்ளே இறங்கிவிட்டுப் பிறகுதான் வலியைக் காட்டும். அதனால் அவள் எழுதிய முதல் விதி: அதை முறிக்கும் கால்சியம் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் பாட்டிலைத் திறக்கக் கூடாது.

"ஏளா, பத்துக் கட்டளை மாதிரில்லா எழுதி வச்சிருக்க" என்று சிரித்தாள் ஜெஸ்லின். தருவைகுளத்துப் பிள்ளை. அப்பா இல்லை, அண்ணன் கடலுக்குப் போகிறவன். இருவருக்கும் பேராசிரியர் நேசக்குமார்தான் ஆய்வு வழிகாட்டி. விடுதியிலும் ஒரே அறை. ஒருத்தி சுடிதாரை இன்னொருத்தி போட்டுக்கொண்டு போகிற அளவுக்குப் பழக்கம்.

ஆய்வகத்தில் இருந்த களிம்பு காலாவதியாகி வெகுநாள் ஆகியிருந்தது. கேட்டபோதெல்லாம் நேசக்குமார், "ஃபண்டு வரட்டும்மா, வாங்கிருவோம்" என்றார்.

"அதுவரைக்கும் அந்த பாட்டிலைத் தொடமாட்டோம் சார்" என்றாள் ஜெபிஷா. அவர் தலையாட்டிக்கொண்டார்.

சபையில் அசனப் பண்டிகை, எல்லோரும் கூடிச் சாப்பிடும் விருந்து என்று ஜெபிஷா ஊருக்குப் போயிருந்த அன்று காலையில் ஜெஸ்லின் போன் செய்தாள்.

"ஏளா, ரிப்போர்ட் அனுப்பணுமாம். இன்னைக்கே மண்ணைக் கரைச்சு முடின்னு சார் சொல்லுதாரு."

"களிம்பு இல்லாம தொடாதளா. நான் வந்து சார்ட்ட பேசிக்கிடுதேன்."

"சரி" என்றாள் ஜெஸ்லின்.

சாயங்காலம் மறுபடியும் போன் வந்தது. இந்தத் தடவை அழுகை. "சார் விடலளா, அந்த பாட்டிலைத் திறந்துட்டேன். விரலுக்குள்ள ஆணி அடிச்ச மாதிரி இருக்கு. கையுறையில பொத்தல் இருந்திருக்கு, தெரியல."

விரலைத் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு உடனே தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்ன ஜெபிஷா, அங்கே போன் போட்டு என்ன அமிலம் என்று சொன்னாள். அப்பாவின் பைக்கில் அவள் போய்ச் சேர்ந்தபோது டாக்டர்கள் கால்சியம் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று இரவு முழுக்க ஜெஸ்லினின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நகம் போனது. விரல் தப்பியது.

பிறகு விசாரணை வந்தது. முதல்வரின் அறையில் நீள மேசை. ஒரு பக்கம் நேசக்குமார். எதிரே கட்டுப்போட்ட கையுடன் ஜெஸ்லின். ஜெபிஷா கொஞ்சமும் பயப்படவில்லை. நடந்ததை ஜெஸ்லின் சொன்னால் போதும் என்றுதான் நினைத்திருந்தாள்.

ஜெஸ்லின் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சார் செய்யச் சொல்லல. நானாத்தான் செஞ்சேன். காலையில போன்ல ஜெபிஷாட்ட கேட்டேன். அவதான் சேஃப்டி இன்சார்ஜ். தண்ணிய பக்கத்துல வச்சுக்கிட்டு செய்யின்னு சொன்னா."

ஜெபிஷா எழுந்துவிட்டாள். "ஏளா, நானா சொன்னேன்?" என்றாள்.

முதல்வர் சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த தாளைத் தூக்கிக் காட்டினார். "இதை எழுதினது நீதானேம்மா? எல்லாம் தெரிஞ்ச நீயே இப்படிச் சொல்லலாமா?"

"நல்ல பிள்ளைதான் சார்" என்றார் நேசக்குமார் குரலைத் தாழ்த்தி. "ஊருல விசேஷம், கவனமில்லாம சொல்லியிருப்பா."

காலையில் இருவரும் பேசியது நிஜம். என்ன பேசினார்கள் என்பது அந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். ஜெபிஷாவை ஆய்வகத்துக்குள் வரக் கூடாதென்று நிறுத்தினார்கள்.

மறுநாள் அவள் தருவைகுளத்துக்குப் பஸ் ஏறினாள். வாசலிலேயே ஜெஸ்லினின் அம்மா மரியசெல்வி ஓடிவந்து அவள் கன்னத்தைத் தடவினாள். "நீ இல்லன்னா எம்பிள்ள விரலு போயிருக்கும் தாயி. மாதா உன்னய நல்லா வச்சிருப்பா." கட்டாயப்படுத்தி உட்காரவைத்துச் சோறு போட்டாள், வாளைமீன் குழம்போடு. அம்மாவுக்குப் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள் ஜெஸ்லின். அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். ஆனால் ஜெபிஷா குனிந்து சோற்றைச் சாப்பிட்டு முடித்தாள்.

பஸ் நிறுத்தம் வரை ஜெஸ்லின் கூடவே வந்தாள். வலை காயப்போட்டிருந்த இடம் தாண்டியதும் அவளாகவே பேசினாள்.

"ஆஸ்பத்திரிக்கே வந்துட்டாரு சார். அவரு பேரைச் சொன்னா என் தீசிஸ்ல கையெழுத்து விழாதுன்னுட்டாரு. எங்கண்ணன் கடல்ல கெடந்து படிக்கவச்சான்ளா. உனக்கு வாத்தியாரு அப்பா இருக்காரு, வேற கைடு பாத்துக்கிடுவ. எனக்கு யாரு இருக்கா?"

"இதை எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா எனக்காகப் பழிய ஏத்துக்கிட்டிருப்பியா?"

ஜெபிஷா யோசித்தாள். ஏற்றுக்கொண்டிருப்பாளோ என்னவோ. "தெரியல" என்றாள். "ஆனா அது நான் குடுத்ததா இருந்திருக்கும். நீ எடுத்துக்கிட்ட."

ஜெஸ்லின் கட்டுப்போட்ட கையால் அவள் தோளைத் தொட வந்தாள். ஜெபிஷா விலகிக்கொண்டாள். அந்தக் கைக்கு வலிக்குமோ என்ற நினைப்பு அப்போதும் வந்தது. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

அடுத்த வருஷம் ஜெஸ்லின் டாக்டர் பட்டம் வாங்கினாள். ஜெபிஷா பாளையங்கோட்டையில் வேறு வழிகாட்டியிடம், முதலிலிருந்து ஆரம்பித்தாள். நேசக்குமார் துறைத்தலைவர் ஆகியிருந்தார்.

தருவைகுளத்திலிருந்து திரும்பிய அன்றைக்கு வீட்டுப்படி ஏறும்போது அப்பா கேட்டார். "அந்தப் பிள்ளயப் பாத்தியாம்மா? என்ன சொல்லுதா?"

"விரல் ஆறிட்டுப்பா" என்று சொல்லிவிட்டு, கை கழுவப் போனாள்.