தொண்டைக்குழி

வாய்க்கடையில் வழிந்த பாலைத் துணியால் ஒற்றியெடுத்தபோதுதான் மணிச்சத்தம் கேட்டது. பிளோனி கரண்டியைக் கீழே வைத்தாள். சாமியார் நற்கருணை அப்பத்தை எடுத்துக்கொண்டு கோவிலிலிருந்து புறப்பட்டுவிட்டார். அந்த மணியைக் கேட்டவர்கள் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டுப் பின்னால் நடக்கவேண்டும். சாகக் கிடப்பவருக்கு ஊர் செய்யும் மரியாதை அது. இன்று வருகிறவர்கள் மரியாதைக்காக வரவில்லை.

"அம்மா, ஒரே ஒரு வாய். முழுங்கும்மா."

வெரேனாவின் இடக்கண் மட்டும் மகளைப் பார்த்தது. முந்தாநாள் வைக்கோல் பரணிலிருந்து இறங்கும்போது விழுந்தாள்; எடுத்துக் கிடத்தியபோது வலப்பக்கம் முழுவதும் செத்திருந்தது. நாக்கும் தொண்டையும் அதோடு போயின. ஊற்றுகிற பால் அப்படியே வெளியே வந்தது. இப்படிக் கிடந்த எத்தனையோ பேருக்கு வெரேனாவே பக்குவம் பார்த்திருக்கிறாள். "இவங்களுக்கு எதையும் ஊத்தாதே, நெஞ்சுல ஏறிடும். ஒருக்களிச்சுப் படுக்க வை, உதட்டை மட்டும் நனை" என்பாள். பிளோனிக்கு அது தெரியும். தெரிந்தும் விடிந்ததிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தாள்.

சூனியக்காரி தொண்டையில் ஆண்டவர் இறங்கமாட்டார். மலைக்கு மேலும் கீழும் எல்லாரும் அறிந்த சேதி. போன அறுவடையில் ஆற்றுக்கு அந்தப்பக்க ஊரில் ஒருத்தியின் வாயிலிருந்து அப்பம் நழுவித் தலையணையில் விழுந்தது. அவளைத் தூக்குமேட்டுப் பாதை பிரியும் இடத்தில், வாயில் கல்லை வைத்துப் புதைத்தார்கள். அவள் மகளை விசாரணைக்காக ஆயரின் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். மகள் இன்னும் வரவில்லை.

மாவு ஆலைக் கஸ்பரின் இரண்டு பிள்ளைகளும் ஒரே வாரத்தில் காய்ச்சலில் போனபிறகு வெரேனா சூனியக்காரி என்ற பேச்சு பலத்தது. அது முதலில் எங்கே முளைத்தது என்று ஊரில் யாருக்கும் நினைவில்லை. பிளோனிக்கு நினைவிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன், தன் தலைப்பிள்ளை செத்த எட்டாம் நாள், துணி துவைக்கும் ஓடையில் பக்கத்து வீட்டுத் திரூடி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "எங்கம்மா கை பட்டதுக்கப்புறந்தான்க்கா அவன் கண்ணே தொறக்கல" என்று பிளோனி அழுதாள். அவ்வளவுதான். அழுகையில் வந்த வார்த்தை. சொன்னபோது அதை நம்பினாளா என்பது இன்றுவரை அவளுக்கே தெரியாது.

கணவன் யோஸ்ட் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான். சாமியார் பனி ஒட்டிய செருப்போடு உள்ளே வந்தார். பின்னால் கஸ்பர், திரூடி, இன்னும் பத்துப் பதினைந்து பேர். அடுப்புச்சூட்டில் ஈரக் கம்பளி நாறியது.

சாமியார் வெரேனாவின் கோணிய வாயை உற்றுப் பார்த்தார். "முழுங்க முடியாதவங்க வாயில வைக்கக் கூடாதும்மா. கண்ணுல காட்டினாப் போதும். அதுல குத்தமில்ல."

"காட்டிட்டுப் போறதுக்கு இதென்ன சந்தையா சாமி?" என்றான் கஸ்பர். "பாலெல்லாம் இறங்குது போல, கிண்ணம் இருக்கு. ஆண்டவர் மட்டும் இறங்கமாட்டாராக்கும்?"

பின்னால் யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

"சும்மா இரு கஸ்பர், சாகுற வீடு" என்றாள் திரூடி. அவள் கண்ணும் வெரேனாவின் தொண்டையில்தான் இருந்தது.

சாமியார் பிளோனியிடம் திரும்பினார். "நீ சொல்லு. முழுங்குவாளா?"

முடியாது என்றால் அது உண்மை. அந்த உண்மையை இந்தக் கூட்டம் எப்படி எடுத்துக்கொண்டு படியிறங்கும் என்று அவளுக்குத் தெரியும். அம்மாவுக்கு எதிராக இரண்டாவது தடவையும் அவள் வாயே சாட்சி சொன்னதாகும்.

"முழுங்குவாங்க சாமி. இப்பக்கூட நல்லாக் குடிச்சாங்க." பால் ஊறிய துணியைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

சாமியார் அப்பத்தை வெரேனாவின் நாக்கில் வைத்தார். நாக்கு அசையவில்லை. அப்பம் அதன்மேல் வெள்ளையாகக் கிடந்தது. பிறகு மெல்ல உள்பக்கமாகச் சரிந்தது. மூச்சு கரகரத்தது. நெஞ்சு ஒருமுறை எம்பியது, இன்னொரு முறை. பிளோனியின் கைகள் தாமாக அம்மாவின் தோளுக்குப் போயின. ஒருக்களித்துத் திருப்பவேண்டும். திருப்பினால் மூச்சு வரும். அப்பமும் வரும், தலையணைக்கு, அத்தனை பேர் கண்ணுக்கும்.

திருப்பவில்லை. குனிந்து அம்மாவின் வாய்மேல் தன் வாயை வைத்தாள். போகிற மூச்சைப் பெற்ற பிள்ளை வாயில் வாங்குவது அங்கே வழக்கம். யாரும் தடுக்கவில்லை. நாக்கை நுழைத்துத் துழாவினாள். புளித்த பால் வாடை. நனைந்து பிசுபிசுத்த அதை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அம்மாவின் இடக்கண் வெகு அருகில் இருந்தது. அவ்வளவு அருகில் ஒரு கண்ணில் எதையும் படிக்க முடியாது.

அவள் நிமிர்ந்ததும் கஸ்பர் முன்னால் வந்தான். "வாயைத் தொறந்து காட்டச் சொல்லுங்க சாமி."

சாமியார் மெழுகுவர்த்தியைச் சாய்த்துப் பார்த்தார். நாக்கு வெறுமையாக இருந்தது. கரகரப்பு நின்றிருந்தது. "இறங்கிடுச்சு" என்று சிலுவை போட்டுக்கொண்டார். கஸ்பர் முட்டிபோட்டான். மற்றவர்களும் ஒவ்வொருவராக முட்டிபோட்டார்கள்.

பிளோனியின் மேலண்ணத்தில் அது ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை. காலையில் ரொட்டி வேறு தின்றிருந்தாள்; பாவத்தைச் சொல்லாமலும் வெறும் வயிறாக இல்லாமலும் அதை வாங்கக் கூடாது. இருக்கட்டும், விழுங்கிவிட்டால் போதும். விழுங்கப் பார்த்தாள். தொண்டை அசையவில்லை. மறுபடியும் முயன்றாள். எச்சில் ஊறி வாய் நிறைந்ததே தவிர, ஒரு சொட்டு இறங்கவில்லை. அதெல்லாம் வெறும் ஊர்ப்பேச்சு, அம்மாவுக்குப் பக்கவாதம் என்று இரண்டு நாளாகத் தனக்குத்தானே சொல்லி வந்திருந்தாள். தனக்கு என்ன வாதம்?

ஜெபம் ஆரம்பித்தது. எல்லாரும் "ஆமென்" என்றபோது அவள் உதட்டை மட்டும் அசைத்தாள். திரூடி தலையைத் திருப்பினாள்.

"அழுதுடுடி. அடக்கி வைக்காதே."

அப்போதுதான் பிளோனி கட்டிலைப் பார்த்தாள். அம்மாவின் நெஞ்சு நின்றிருந்தது. எப்போது நின்றது, கடைசி மூச்சு எது, அவள் கவனிக்கவில்லை. தன் தொண்டையோடு போராடிக்கொண்டிருந்தாள். உள்ளிருந்து ஏதோ கிளம்பி வந்து மேலே முட்டியது. அதை அடக்கியபோது, அப்பமும் அதோடு சேர்ந்து கீழே இறங்கிவிட்டது.

மறுநாள் காலை வெரேனாவைக் கோவில் கல்லறைத் தோட்டத்தில், புனித மண்ணில் அடக்கம் செய்தார்கள். கஸ்பரும் ஒரு பிடி மண் போட்டான். "நல்ல சாவு" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

எல்லாரும் போனபின் திரூடி திரும்பி வந்தாள். இடுப்பில் இரண்டு வயது மகள், சால்வைக்குள் சுருண்டு. வாசற்படியிலேயே நின்றாள்.

"பத்து நாளா இருமல்டி. ராத்திரியில முகமெல்லாம் நீலம் பாரிச்சுப் போகுது. இதுக்கு உங்கம்மா என்ன குடுப்பாங்க? நீதானே கூடவே இருந்தே."

குழந்தை இருமியது. வறட்டு இருமல், முடிவில் மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒரு கூவல். முள்ளங்கியைக் குடைந்து தேன் ஊற்றி வைத்தால் ஊறும் சாறு. பைன் மொட்டு வேகவைத்த ஆவி. தலையைத் தாழ்த்தி மடியில் குப்புறப் போட்டு முதுகில் தட்டுவது. எல்லாம் வரிசையாக வந்து பிளோனியின் வாயில் நின்றன.

திரூடி, நேற்று அம்மாவின் தொண்டையைப் பார்த்த அதே கண்ணால், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா."

"ஒண்ணுமே தெரியாதா?"

"தெரியாது. ஆண்டவர்கிட்ட வேண்டிக்குங்க."

"அதுவும் சரிதான்" என்றாள் திரூடி. அவள் முகத்தில் தெரிந்தது ஏமாற்றமா நிம்மதியா என்று பிளோனிக்குப் புரியவில்லை. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரூடி சரிவில் இறங்கினாள்.

இருமல் சத்தம் வெகுதூரம் கேட்டது. பிளோனி கதவைப் பிடித்தபடி நின்று, இரண்டு இருமலுக்கு நடுவே குழந்தை எத்தனை மூச்சு விடுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.