பக்கத்து ஆஸ்பத்திரி

விமான நிலையத்துக்கு வெளியே வண்டிக்கா பஞ்சம்? பேருந்து, மெட்ரோ, ஆப் வண்டி, வாசலில் வரிசை கட்டிய டாக்சிகள், எல்லாம் நின்றன. அவளை ஏற்றிக்கொள்ளத்தான் ஒரு நாதியில்லை.

அக்காவுக்கு அன்று இதய ஆபரேஷன். உள்ளே கொண்டுபோவதற்குள் ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. ஆஸ்பத்திரி, எதிரே தெரிந்த மேம்பாலத்தின் இறக்கத்திலேயே இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

பேருந்தும் மெட்ரோவும் நடுவில் எங்கும் நிற்காமல் நகரத்துக்குள் ஓடுகிறவை. மேம்பாலத்தில் நடக்க விடமாட்டார்கள். ஆப் வண்டிக்காரர்கள் "எங்க டிராப்?" என்று கேட்டதோடு சரி, அடுத்த நொடியே ரத்து. டாக்சி வரிசையில் முதலாவதாக நின்ற மீசைக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

"விடியக்காலையிலருந்து வரிசையில கிடக்கேன்மா. இந்தா இருக்கிற இடத்துக்குப் போயிட்டு வந்தா மறுபடியும் கடைசியிலதான் நிக்கணும். வேற வண்டி பாருங்க."

பின்னால் நின்றவர்களைக் கேட்டால், முதல் வண்டி கிளம்பாமல் நாங்கள் ஆள் ஏற்றக் கூடாது என்றார்கள். அவர்களே தங்களுக்குள் போட்டுக்கொண்ட சட்டமாம். நல்ல சட்டம்! அவளுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. திரும்பி நடந்து, மீசைக்காரரின் பின்கதவைத் திறந்து பெட்டியோடு ஏறி உட்கார்ந்தாள்.

"இறங்குங்கம்மா!"

"மாட்டேன். நான் இறங்காம நீங்க வேற ஆள் ஏத்த முடியாது. நீங்க கிளம்பாம இந்த வரிசையே நகராது. உக்காந்திருப்போம்."

சற்று நேரத்தில் பின்னாலிருந்து ஹாரன்கள் அலறின. கைவிரித்த அதே ஆட்கள் இப்போது மீசைக்காரரைப் பிடித்துக்கொண்டார்கள்.

"யோவ், எடுய்யா வண்டிய! எங்க பொழப்பையும் கெடுக்கிறியே!"

அவர் கியரை அடித்துத் தள்ளினார். பாலம் ஏறும்போதுதான் கேட்டார்: "ஆஸ்பத்திரியில யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"பின்னே, சினிமா பாக்கவா போவாங்க? அக்காவுக்கு ஆபரேஷன்."

"முதல்லயே சொல்லியிருக்கலாமில்ல."

"ஆஸ்பத்திரின்னுதானேய்யா சொன்னேன்! தூரத்தை மட்டும்தானே காதுல வாங்குனீங்க!"

அவர் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தார். வண்டி பறந்தது.

ஆபரேஷன் அறை வாசலில் அக்காவின் கணவர் உட்கார்ந்திருந்தார். கையில் அக்காவின் மூக்குக்கண்ணாடி.

"இப்பத்தான் உள்ள கொண்டுபோனாங்க. கொஞ்சம் பொறுங்கன்னு எவ்வளவோ கெஞ்சினா. தங்கச்சி இறங்கிட்டா, பக்கத்துலதான், இதோ வந்துடுவான்னு சொல்லிக்கிட்டே போனா."

"பக்கமாம் பக்கம்!" அந்த வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். "தூரமா இருந்திருந்தா எப்பவோ வந்திருப்பேன் மாமா!"

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கண்ணாடியை அவள் கையில் கொடுத்துவிட்டு, உட்கார இடம் விட்டு நகர்ந்தார்.