மொழிபெயர்க்காமல் விட்ட வரி

1

இந்தக் கதை ஒரு மிஸ்ட் கோலில் பிறந்தது. சரியாகச் சொன்னால், வராமல் போன ஒரு மிஸ்ட் கோலில்.

கண்டக்குழியில் என் தங்கை ஸஹ்றாவும் அவள் கணவன் ஃபைஸலும் இருக்கிறார்கள். ஃபைஸல் கடலுக்குப் போகிறவன். திரும்பும்போது கரை தெரிகிற தூரத்தில் போனுக்கு சிக்னல் வரும். உடனே வீட்டுக்கு அடிப்பான். ஒருதரம் அடித்து வெட்டினால் மீன் இருக்கிறது. மீன் வாங்கும் யூட்டின் ஐஸ் லொறியைக் கரைக்கு வரச் சொல்ல வேண்டும். இரண்டுதரம் அடித்து வெட்டினால் மீன் இல்லை. தேத்தண்ணி வைத்தால் போதும். ஸஹ்றா ஒருநாளும் போனை எடுக்க மாட்டாள். எடுக்காத அழைப்புக்குக் காசு போகாது. ஆனால் மணி அடிப்பதற்குப் போனில் கொஞ்சமாவது மீதி இருக்க வேண்டும்.

(இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மெச்சுகிறேன். ஒரு சொல் கூடப் பேசாமல் ஒரு லொறியை வரவழைக்கும் முறை இது.)

ஆகவே ஃபைஸலின் போனில் ரீலோட் போட்ட காசு அப்படியே கிடக்க வேண்டும். கிடக்கவில்லை. ஒவ்வொரு காலையும் கொஞ்சம் குறைந்தது. போன செவ்வாய்க்கிழமை மீதி பூச்சியம், மணி அடிக்கவில்லை, லொறி வரவில்லை, ஒரு வள்ளம் நிறையப் பாரை மீன் வெயிலில் கிடந்து பாதி விலைக்குப் போனது.

பேசாத போனில் காசு எப்படிக் குறையும்?

2

தொடக்கத்தை வேறு விதமாகவும் எழுதிப் பார்த்தேன்.

"கற்பிட்டிக் கடலின் மேலே சூரியன், ஒரு

நிறுத்திவிட்டேன். சூரியனுக்கும் ரீலோடுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"ஃபைஸலுக்கு இன்னொருத்தி இருந்தாள்."

இது நல்ல வரி. நீங்கள் விடாமல் வாசித்திருப்பீர்கள். ஆனால் பொய். சிக்கல் என்னவென்றால், ஸஹ்றாவின் தலைக்குள்ளும் இதே வரிதான் ஓடிக்கொண்டிருந்தது.

3

பாலாவியிலிருந்து பஸ் ஏறி நான் போய்ச் சேர்ந்தபோது அவள் துணிப்பையைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள்.

"நானா, இவர் யாரோட கதைக்கிறார் எண்டு நீங்களே கேளுங்க. நான் மாம்புரிக்கு உம்மாட்டப் போறன்." (நானா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்.)

"நான் ஒருத்தரோடயும் கதைக்கல்ல மச்சான்," என்றான் ஃபைஸல் என்னிடம்.

"அப்ப காசு எங்க போகுது? மீன் திண்டுட்டா?"

"ஒனக்கென்ன? ஒனக்கு என்னில பதினேழு வீதம்தானே."

"என்ன பதினேழு?"

ஃபைஸல் போனை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். ஒரு மாதமாக அவன் என் தங்கையோடு முகம் கொடுத்துப் பேசவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. நான் கையை நீட்டினேன். போனைத் தந்தான். அதில் அவன் போன் திரையை அப்படியே பிடித்துப் பத்திரமாக வைத்திருந்த ஒரு படம்: "உங்கள் மனைவி உங்களை எவ்வளவு நேசிக்கிறார்? பத்துக் கேள்விகளில் அறியுங்கள்." கீழே உடைந்த இதயம் ஒன்று. பெறுபேறு: 17%.

"சோதினையில பாஸ் பண்ணவே முப்பத்தஞ்சு வேணும்," என்றான் ஃபைஸல், தரையைப் பார்த்தபடி.

4

இங்கே ஒரு பாத்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதற்படியில் இப்படி எழுதியிருந்தேன்: "அந்தக் கேள்விகளை எழுதியவன் கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருக்கும் ஒரு

அந்த ஆளை என்னால் நம்ப முடியவில்லை. அழித்துவிட்டேன். ஏழாம் கேள்வியைப் பாருங்கள்: "நீங்கள் பிந்தி வீட்டுக்கு வந்தால் மனைவி முதலில் கேட்பது எது? அ) சாப்பிட்டீங்களா? ஆ) எங்க போனீங்க? இ) என்ன கொண்டு வந்தீங்க?"

இது எனக்கு மனப்பாடம். நான்தான் எழுதினேன்.

போன வருடம் யாரோ மின்னஞ்சலில் தந்த வேலை. பத்துக் கேள்வியை நானே எழுத வேண்டும், ஆங்கில இணையப் பக்கத்தில் மற்ற எல்லாவற்றையும் இனிய தமிழில் பெயர்க்க வேண்டும். அறிவுறுத்தலின் கடைசியில் ஒரு குறிப்பு: "அடியில் உள்ள சாம்பல் நிற ஆங்கில வரியை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம்."* ஏனென்று நான் கேட்கவில்லை. ஒரு வரி மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். இ-விடையை எழுதிவிட்டுத் தனியாக இருந்து சிரிக்கவும் செய்தேன்.

5

இனி அது இயங்கும் விதம். (எனக்குப் பிடித்த பகுதி. வெட்கமாக இருந்தாலும் பிடித்த பகுதிதான்.)

பத்துக் கேள்விக்கும் பதில் சொன்ன ஒருவன் பெறுபேறு பார்க்காமல் போக மாட்டான். அந்த இடத்தில் போன் இலக்கத்தைக் கேட்பார்கள். கொடுத்ததும் குறுஞ்செய்தியில் நான்கு எண்கள் வரும். அதை அந்த இணையப் பக்கத்தில் போட வேண்டும். ஃபைஸல் அதைக் கதவுச் சாவி என்று நினைத்தான். அது அவனுடைய கையெழுத்து. அந்த நிமிடத்திலிருந்து அவன் ஒரு தினசரிச் சேவையின் சந்தாதாரர். நாள்தோறும் மீதியில் கொஞ்சம் வெட்டுவார்கள். மீதி இல்லாத நாளில் காத்திருந்து, ரீலோட் போட்டதும் வெட்டுவார்கள்.

"அது சரி மச்சான். பதினேழு?" என்று கேட்டான் ஃபைஸல்.

படத்தை இன்னொருதரம் பார்த்தேன். மேலே அவனுடைய இலக்கம் இருந்தது. கடைசி இரண்டு எண்கள்: 17.

சந்தேகம் தீர, பத்துக் கேள்வியையும் இருவருக்கும் வாசித்துக் காட்டி, என் இலக்கத்தையும் எனக்கு வந்த நான்கு எண்களையும் போட்டுப் பார்த்தேன் (நிறுத்த வேண்டிய சந்தா இப்போது இரண்டு). அது 62இல் முடிகிறது. என் மனைவி என்னை 62% நேசிப்பதாக வந்தது. நான் இன்னும் கலியாணம் முடிக்கவில்லை.

ஸஹ்றா சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் இலக்கத்தின் கடைசியைப் பார்த்தாள்.

"தொண்ணூத்தி நாலா? அவ்வளவுக்கெல்லாம் இல்ல."

"பதினேழை விடக் கூடத்தானே?" என்றான் ஃபைஸல்.

"பையைத் தூக்கி உள்ள வைங்க, சொல்றன்."

6

முடிவுகள்.

ஒன்று: ஃபைஸல் சிம்மைக் கடலில் எறிகிறான். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அடுத்த சிம்மில் "நீங்கள் எந்த மீன்?" என்று ஒரு கேள்வித்தாள் வரும், இவன் திறப்பான்.

இரண்டு: பக்கத்தை அழிக்கிறான். பயனில்லை. வெட்டு நடப்பது போனுக்குள் அல்ல, தொலைபேசி நிறுவனத்தின் கணக்கில்.

மூன்றாவதுதான் நாங்கள் செய்தது; அது இந்தக் கதையின் அடியில் இருக்கிறது. மறுநாள் காலை ஸஹ்றாவின் போன் அடித்தது. ஒருதரமா, இரண்டுதரமா என்பதை நீங்கள் விரும்பியபடி வைத்துக்கொள்ளுங்கள். அடித்தது.

ஆனால் முதல்நாள், நான் பஸ்ஸுக்குப் புறப்படும்போது அவள் கேட்டாள்: "நானா, அந்த ஏழாங் கேள்விய எழுதினவன் எவன்? நான் அப்பிடியா கேக்கிறன், என்ன கொண்டு வந்தீங்க எண்டு?"

நான் சொன்னேன், "அது

இந்த வாக்கியத்தை முடிக்க நான்கு நாட்கள் முயன்றேன். நீங்கள் முடியுங்கள். சீக்கிரம், ஸஹ்றா கதை வாசிக்கிறவள் அல்ல, ஆனால் ஃபைஸல் கையில் கிடைத்ததை எல்லாம் கடைசி வரை வாசிப்பான்.

என் பங்குக்கு, ஒரு வருடம் பிந்திய வேலையை முடித்துத் தருகிறேன்.

* சாம்பல் நிற வரி, தமிழில்: "இந்த இரகசிய எண்ணை இடுவதன் மூலம், நீங்கள் நிறுத்தச் சொல்லும் வரை தினமும் உங்கள் மீதியிலிருந்து கட்டணம் கழிக்கச் சம்மதிக்கிறீர்கள்."

நிறுத்தச் சொல்லும் விதம்: உங்கள் தொலைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு அழையுங்கள். "என் இலக்கத்தில் ஓடும் சந்தாச் சேவைகள் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டுங்கள். எல்லாவற்றையும் நிறுத்துங்கள். இனி எதுவும் சேராமல் தடுத்து வையுங்கள்," என்று சொல்லுங்கள். மீதியைக் குறித்து வையுங்கள். போனைத் தொடாமல் வைத்துவிட்டு, மறுநாள் காலை திரும்பப் பாருங்கள். அதே தொகை இருந்தால், நின்றுவிட்டது.