லெஸ்டரின் சைக்கிளுக்கு ஒரு ஃபோர்க்

கார்பன் ஃபோர்க் துருப்பிடித்தது ஒரு வியாழக்கிழமை. கார்பன் துருப்பிடிக்காது என்பது டுலூத் நகரில் எல்லோருக்கும் தெரியும். சுப்பீரியர் ஏரிக்கரையில் இரும்புத் தாதுவைக் கப்பலேற்றியே வளர்ந்த ஊர் அது. எது துருப்பிடிக்கும், எது பிடிக்காது என்று அங்கே யாரிடமும் கேட்டுக்கொள்ளலாம். ஆனாலும் முந்தின நாள் மாலை மிலான் ஸுபான் பூட்டிவிட்டுப் போன கறுப்பு ஃபோர்க், வெர்னா ஹெய்க்கலா காபிக் கோப்பையோடு கார் கொட்டகையின் கதவைத் தூக்கியபோது, செங்கல் நிறத்தில் பொருக்குத் தட்டி நின்றது. முன்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும் அதன் இரண்டு கால்களிலும் பொடிப்பொடியாக ஏரிச் சிப்பிகள் ஒட்டியிருந்தன. அச்சு உட்காரும் பள்ளத்திலிருந்து மணல் கொட்டித் தரையில் குவிந்திருந்தது. வெர்னா மணலைக் கூட்டி அள்ளிப் போட்டுவிட்டு, சைக்கிள் கடைக்குப் போன் செய்து, "இதுவும் போச்சு, மிலான்" என்றாள்.

அந்த சைக்கிள் அவள் கணவன் லெஸ்டருடையது. தாது ஏற்றும் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கியது. கரும்பச்சை நிறம், மெல்லிய எஃகுக் குழாய்கள், இத்தாலியில் பற்றவைத்த ஃப்ரேம். ஒரு நவம்பர் மாதப் புயலில், ஊரில் பாதிப் பேர் செய்வதைப் போல, அவனும் சைக்கிளில் கால்வாய் முகப்புக்கு அலை பார்க்கப் போனான். தூக்குப் பாலத்துக்கு அப்பால் நீண்டு கிடக்கும் கான்கிரீட் மேடையின் மேல் ஓர் அலை ஏறி இறங்கியது. பின்சக்கரமும் ஃப்ரேமும் கைப்பிடியும் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டன. ஃபோர்க் கழுத்துக்குக் கீழே முறிந்துபோயிருந்தது. முறிந்த கால்கள், முன்சக்கரம், லெஸ்டர் எல்லாம் சுப்பீரியர் ஏரிக்குள் போயின. ஏரி உறையும்வரை படகுகள் தேடின. சவ அடக்க ஆராதனைக்கு நாள் குறிக்க வந்த போதகரிடம், "உடம்பு வரட்டும்" என்றாள் வெர்னா. உடம்பு வரவில்லை. அவள் ஃப்ரேமைக் கொட்டகையில் மாட்டிவைத்துவிட்டுப் பள்ளிப் பேருந்து ஓட்டப் போனாள். தேவாலயத்துக்குப் புதுப் போதகர் வந்தார், அவருக்குப் பிறகு இன்னொருவர் வந்தார். லெஸ்டரின் பூட்ஸ் மட்டும் பின்வாசலில் அதே இடத்தில் இருந்தது. மழைக்காலத்தில் அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துவைப்பாள்.

பதினோராம் வருடம் வசந்தத்தில் மகள் கைசா மினியாபொலிஸிலிருந்து வீட்டுக்கு வந்தாள். டூஸான் நகரத்து ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. பாலைவன ஊர், சுற்றுவட்டாரத்தில் ஏரி கிடையாது. அதற்காகவே அந்த வேலையை ஒப்புக்கொண்டதாக அவள் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டிலிருந்து அவள் கேட்டது சைக்கிளை மட்டும்தான்.

"அது உங்கப்பாவோடது" என்றாள் வெர்னா.

"அப்பா இருந்தா அவர்கிட்டயே கேட்டிருப்பேன். நீ அவர் இருக்கார்னும் சொல்ல மாட்டேங்கற, செத்துட்டார்னும் சொல்ல மாட்டேங்கற. நான் யார்கிட்டம்மா கேக்கறது?"

வெர்னா உருளைக்கிழங்கை உரித்து முடித்தாள், கையைத் துடைத்தாள், கொட்டகைக்குப் போய்க் கொக்கியிலிருந்து ஃப்ரேமை இறக்கினாள்.

மிலான் லெஸ்டரோடு ஒன்றாக சைக்கிள் ஓட்டியவன். ஃப்ரேமைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ சாவியைத் தேடினான். பிறகு, "இப்ப வர்ற ஃபோர்க்கெல்லாம் எருமைக் கழுத்து. இது கொக்குக் கழுத்து. உள்ளயே போகாது. அப்படியே போனாலும் மரை இருக்காது, மரை இருந்தா உயரம் பத்தாது, உயரம் சரியா இருந்தா பிரேக் எட்டாது" என்றான். அவன் மலைப்பாகச் சொல்வதெல்லாம் செய்யப்போகிற வேலைதான் என்று வெர்னாவுக்குத் தெரியும். தைவானிலிருந்து ஓர் எஃகு ஃபோர்க்கை வரவழைத்தான். மறுநாள் காலை அது பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. அடுத்தது முலாம் பூசியது. அதில் பாசி பிடித்து, உள்ளே ஒரு சின்ன மீன் உயிரோடு துள்ளிக்கொண்டிருந்தது. கைசா அதைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போய் ஏரியில் விட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் கொட்டகையில் ஈரம் அதிகம் என்றார். போதகர் டைட்டானியம் நல்லது என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார். மூன்றாவதாகத்தான் கார்பன் வந்தது. அதுவும் துருப்பிடித்ததும், அனுப்பிய கம்பெனிக்கு மிலான் போன் போட்டான். கார்பன் துருப்பிடிக்காது என்றார்கள். "நானும் அதைத்தான் அதுகிட்ட சொன்னேன், கேக்க மாட்டேங்குது" என்று வைத்துவிட்டான்.

அன்று மத்தியானம் அவன் கொட்டகைக்கு வந்து, துருவை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். சிப்பிகளில் பெரியது எது சிறியது எது என்று விரலால் தடவினான்.

"இது ஒரு ராத்திரித் துரு இல்ல, வெர்னா. இது பதினோரு வருஷத் துரு."

வெர்னா கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்தாள். அவளுக்கு அப்போது எல்லாம் சாதாரணமாகப் புரிந்தது, பேருந்துத் தடம் மாறிவிட்டது என்று சொன்னால் புரிவதைப் போல. "இந்த சைக்கிளோட முன்பாதி இன்னும் ஏரியிலதான் இருக்கு" என்றாள். "நாம எதை மாட்டினாலும் அது அங்கதான் இருக்கும். பின்பாதி என்கிட்ட. அவர் பாதி அங்க, பாதி இங்க. இத்தனை வருஷமா அவரை எங்கயும் போகவிடாம நான் கொக்கியில மாட்டி வச்சிருக்கேன்."

"அப்படின்னா முன்பாதியை எடுத்துட்டு வரணும்" என்றாள் கைசா. சொல்லும்போதே அந்த இடத்து ஆழம் அவளுக்கு ஞாபகம் வந்தது. முட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். சிறுவயதில் அழாத அழுகை அது. அப்போது அழுதால் அம்மா எழுந்து போய்விடுவாள். இப்போது வெர்னா எழுந்து போகவில்லை. கைசா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு வேண்டாம்மா. அவருக்கே குடுத்துடலாம்" என்றாள்.

மிலான்தான் தடுத்தான். "இப்படியேவா? ஃபோர்க் இல்லாமலா? கீழ போனதும் லெஸ்டர் என்னை என்ன திட்டு திட்டுவான் தெரியுமா? முறிஞ்சதை வச்சுக்கிட்டு அவன் என்ன பண்ணுவான்?" இரண்டு வாரம் ஊர் ஊராகப் போன் போட்டான். ஓஹையோவில் மூடப்போகிற ஒரு கடையில், கொக்குக் கழுத்துக்குப் பொருந்தும் கார்பன் ஃபோர்க் கடைசியாக ஒன்று கிடந்தது. மரை இல்லாத வகை. கழுத்துப் பாகங்களையும் கைப்பிடியையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருந்தது. முன்சக்கரம் ஒன்றைத் தன் கடையிலிருந்தே எடுத்துக்கொண்டான். உயரத்தை அளந்து குழாயை அறுத்தான். கறுப்பு ஃபோர்க் பச்சை ஃப்ரேமுக்குப் பொருத்தமாகவே இல்லை, யாரோ ஒருவரின் காலை வாங்கி ஒட்டியதைப் போல இருந்தது. பார்க்க நன்றாக இல்லை என்று லெஸ்டர் முனகுவான், ஆனால் ஓட்டுவான் என்றான் மிலான்.

கொட்டகையில் ஓர் இரவு தங்கினால் அதுவும் போய்விடும் என்பதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், மூவரும் கால்வாய் மேடையிலேயே வைத்துப் பூட்டினார்கள். ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த சுற்றுலாக்காரர்கள் விலகி வழிவிட்டார்கள். மிலான் முன்சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்து, பிரேக்கை அழுத்திப் பார்த்து, டயருக்கு இன்னும் கொஞ்சம் காற்று அடித்தான். வெர்னா பின்வாசல் பூட்ஸைக் கொண்டுவந்திருந்தாள். அதை இருக்கைக்குக் கீழே கட்டினாள். அடிபடாமல் போகட்டும் என்று சைக்கிளைக் கயிற்றில் மெல்ல இறக்கினார்கள். பச்சை நிறம் கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. கயிறு நெடுநேரம் கனத்தது. வெர்னா உள்ளங்கை சிவக்கப் பிடித்துக்கொண்டிருந்தாள். சட்டென்று அது இலேசானது. இழுத்துப் பார்த்தால் கயிறு அறுபட்டிருக்கவில்லை, முடிச்சு அவிழ்க்கப்பட்டிருந்தது.

"பிடிச்சுக்கிட்டாரு" என்றாள் வெர்னா. அவள் குரலில் சந்தோஷம் இல்லை. தன்னோடு ஒரு வார்த்தை பேசாமல், கயிற்றை ஒரு முறைகூட அசைக்காமல் அவன் போய்விட்டது அவளுக்கு வலித்தது. கைசா கயிற்றைச் சுருட்டினாள்.

அடுத்த வாரம் தேவாலயத்தில் லெஸ்டருக்கான ஆராதனை நடந்தது. ஹாம் சாண்ட்விச்சும் காபியும் கொடுத்தார்கள். கைசா காரில் தன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு தெற்கே போனாள். வெர்னா கொட்டகையில் காரை நிறுத்தத் தொடங்கினாள், பனி சுரண்டுகிற வேலை மிச்சம். வீட்டுக்குள் எங்கு உட்கார்ந்தாலும் அவளுக்குக் குளிர்ந்தது.

அந்தக் குளிர்காலத்தில் ஏரிக்கரையில் பேஃபீல்டு என்ற ஊருக்கு எதிரே பனியில் துளை போட்டு மீன் பிடித்தவர்கள், கண்ணாடி போன்ற கரும்பனிக்குக் கீழே பச்சை சைக்கிளில் ஒருவன் போனதைப் பார்த்தார்கள். மீன் லாரி ஓட்டுகிறவன், வெண்மீன் விலை இறங்கிவிட்டது என்ற செய்தியோடு சேர்த்து இதையும் டுலூத்துக்குக் கொண்டுவந்தான். முன்பக்கம் ஆடியதா என்று மிலான் விசாரித்தான். ஆடவில்லையாம். எந்தப் பக்கம் போனார் என்று வெர்னா கேட்டாள். கிழக்கே. அடுத்த குளிர்காலத்தில் இன்னும் கிழக்கே மார்க்கெட் என்ற ஊரின் மீனவர்கள் பார்த்தார்கள், அதற்கடுத்து ஏரியின் கிழக்குக் கோடியில், ஸூ கால்வாய்க் கதவுகளுக்கு அருகில். அதன் பிறகு செய்தி எதுவும் இல்லை. அங்கிருந்து தண்ணீர் கீழ் ஏரிகளுக்கு இறங்கிக் கடலுக்குப் போகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கைசா போன் செய்வாள். ஒரு வாரம் கேட்டாள்.

"அப்பா?"

"கால்வாய்க் கதவைத் தாண்டிட்டாரு, கைசா."

கைசாவுக்குப் பின்னணியில் ஒரு மின்விசிறி சுழலும் சத்தம் கேட்டது. பிறகு வெர்னா, அங்கே மழை பெய்ததா என்று கேட்டாள். இல்லை என்றாள் கைசா.